சிரித்தே சாகட்டும்

டாக்டர் சொன்னதை மலையாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பாதிதான் கேட்டார். பக்கத்தில் நின்ற அக்காள் மகன் சேதுபதி முழுசாகக் கேட்டான்.

"இருதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. அதிர்ச்சி ஆகாது. வாய்விட்டுச் சிரிச்சாக்கூட நின்னு போகலாம்."

சிரிப்பா? காரைக்குடியில் மலையாண்டி சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த 1953-ஆம் வருஷத்திலிருந்து இந்த 1968 வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன். பிள்ளை குட்டி கிடையாது. அவர் கண்ணை மூடினால் செக்காலைத் தெரு வீடும் கண்மாய்ப் பாசன வயலும் சேதுபதிக்குத்தான். அவனும் முப்பத்தைந்து வயது வரை எந்த வேலைக்கும் போகாமல் பொறுமையாகத்தான் காத்திருந்தான்.

விஷம் வைத்தால் போலீஸ் வரும். சிரிப்பு மூட்டினால் எந்தப் போலீஸ் வரும்?

அன்று சாயங்காலமே ஆரம்பித்தான். பல்செட்டைப் பொடி டப்பாவில் தொலைத்த வாத்தியார் கதையைச் சொன்னான். மாமா முறைத்தார். மூன்றாம் நாள் உதடு கோணியது. ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, புரையேறி இருமினார். சேதுபதி ஆசையோடு நாடியைப் பிடித்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மீனாள் டீச்சர் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயது, கல்யாணப் பேச்சையே மறந்துபோனவள். அவள் சிரித்தால் மாமா இரண்டு பங்கு சிரித்தார். கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் சேதுபதி அவளுக்குத் தினமும் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"தவறாம வந்துருங்க டீச்சர். நீங்க வந்தாத்தேன் மாமாவுக்கு நல்லாச் சிரிப்பு வருது."

மாமா இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டார். தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார். பதினைந்து வருஷமாக அந்த வீட்டுப் படியேறாதவர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். கடைசி நேரத் தெளிவு என்று சேதுபதி மனதைத் தேற்றிக்கொண்டான்.

அதற்குள் கையிருப்புக் கதைகள் தீர்ந்துவிட்டன. புது ஜோக்குகள் திரட்ட மதுரைக்குப் போய் ஒரு வாரம் தங்கினான்.

திரும்பி வந்து ரயிலடியில் இறங்கியதும் குதிரை வண்டிக்காரர் சொன்னார்: "ஒங்களைத்தேன் தேடுறாக. மதுரையில எங்க இருக்கீகன்னு யாருக்கும் தெரியலை. வீட்டுல பந்தல் போட்டு, ஊரே அங்குட்டுத்தேன் இருக்கு."

சேதுபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருமுனையிலிருந்தே அழுதான். உள்ளே, நாற்காலியில் மாமா. கழுத்தில் ரோஜா மாலை. கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எதிரே முக்காலியில் காமிரா. செத்தவரை உட்கார வைத்துப் படம் எடுப்பது வழக்கந்தானே. பக்கத்தில் மீனாள் தலைகுனிந்து நின்றாள். பாவம், கொலையில் தனக்கும் பங்கு உண்டென்று அவளுக்குத் தெரியாது.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே மாமா" என்று காலில் விழுந்தான்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"அழுகையை நிப்பாட்டுங்க தம்பி. முகூர்த்தத்துக்கு விடியுமுன்ன எந்திரிச்சதுல மாப்பிள்ளை அசந்துட்டாரு. எழுப்பி, ஒரு ஜோக்கைச் சொல்லிச் சிரிக்க வைங்க, பொண்ணு எம்புட்டு நேரந்தேன் மாலையோட நிக்கும்?"