துணைத்தலைவிக்கு நீட்டிய வெற்றிலை

“நான் தோத்துட்டா என்னைய ஒங்கூடவே வச்சுக்குவியாடி?” என்று பள்ளித் தலைவி தேர்தலன்று சைக்கிளை மிதித்துக்கொண்டே ஜெசிந்தா கேட்டது, முந்திரித் தோப்பில் நிற்கும் வள்ளிமயிலுக்கு இப்போது நினைவு வருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு இருவருமே ஆசைப்பட்டார்கள். ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கியதில் வள்ளிமயில் பெயர் வந்துவிட்டது. தோற்றவளைத் துணைத்தலைவியாக அழைக்க, ஜெயித்தவளே வெற்றிலைத் தட்டு நீட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். சாயங்கால வெயில் பித்தளைத் தட்டில் பட்டு ஜெசிந்தாவின் கழுத்தில் ஆடுகிறது. உதிர்ந்த முந்திரிப்பழங்களின் வாசனை, பள்ளிக்கூடத்து வெள்ளைத் தாவணியில் கடைசிவரை போகாத கறையை ஞாபகப்படுத்துகிறது. “ஒரே சைக்கிள்ல போனீங்க, ஒரே ஆபீஸ்ல ஒக்கார மாட்டீங்களா?” என்கிறார் ஊர்ப்பெரியவர் நாகராசு. “மிதிச்சது பூராம் நாந்தான், மாமா. இவ பின்னாடி ஒக்காந்து புளியங்கா தின்னுக்கிட்டு வந்தா,” என்கிறாள் ஜெசிந்தா. கூட்டம் சிரிக்கிறது. வள்ளிமயிலும் சிரித்துக்கொண்டே தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறாள். “நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது. எடுத்துக்க, ஜெசி.” காற்றில் ஒரு வெற்றிலை எழும்பிப் பறக்க, ஜெசிந்தா சட்டென்று அதைப் பிடிக்கிறாள். எல்லோரும் மூச்சடக்கிப் பார்க்கிறார்கள். அவள் அதைச் சேலையில் துடைத்து, மறுபடி பறக்காதபடி தட்டிலேயே பாக்குக்கு அடியில் பத்திரமாகச் செருகுகிறாள். வள்ளிமயிலின் தோளில் விழுந்திருந்த சருகைத் தட்டிவிட்டு, தோப்பைத் தாண்டிப் போகிறாள்.