சுவருக்கு அப்பால் முட்டை

டக் டக் டக் என்று அடுத்த காம்பிராவில் முட்டை அடிக்கும் சத்தம் தொடங்கியது.

துஷாந்தினியின் மகள் டிலக்சனா வாயருகே கொண்டுபோன சோற்றை மறுபடி தட்டில் வைத்தாள்.

"ஜேசனுக்கு இன்னைக்கும் முட்டைம்மா."

"அவன் திங்கட்டும். நீ ஒன் தட்டப் பாரு."

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறை வீடான காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகப் பக்கத்து வீட்டுச் சண்டை வரும், செபம் வரும், இருமல் வரும். இந்த நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு முட்டை வந்துகொண்டிருந்தது.

டிலக்சனாவின் தட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, பூசணிக்காய், மேலே ஒரு சிட்டிகை நெத்தலிப் பொடி. தட்டில் மூன்று நிறமாவது இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் மருத்துவிச்சி சொன்ன அன்றே, துஷாந்தினி ஏழு நாள் சமையலையும் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். பெரகலச் சந்திக் கடையில் அந்தத் தாளில் உள்ளதைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள்.

தாளில் முட்டை புதனுக்கும் ஞாயிறுக்கும் மட்டும். அதற்கு மேல் கை எட்டவில்லை.

இன்று வெள்ளி. நாளைக்குக் கிளினிக்.

இரண்டு மாதமாக டிலக்சனாவின் நிறை ஏறவில்லை. நிறை அட்டையில் கோடு படுத்தே கிடந்தது. நாளையும் ஏறாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தருவதாக மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். கீரையை மூடி வேகவைத்ததால் சத்துப் போயிற்றா, திறந்து வைத்ததால் போயிற்றா என்று துஷாந்தினி இரவெல்லாம் யோசித்திருக்கிறாள்.

ஜேசனின் தாய் செசிலிக்கு அந்த யோசனையே இருக்காது. அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள். அதே சம்பளம், அதே கடை. ஆனால் மகனுக்குத் தினமும் முட்டை. கிளினிக்கில் ஜேசனுக்கு நிறை பார்த்து முடித்ததும் அட்டையை யாருக்கும் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். நிறை கூடிய பிள்ளைக்குக் கண் பட்டுவிடுமாம்.

என் கண்தான் பட வேண்டும் என்று துஷாந்தினி நினைத்தாள். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை, பாவம்.

சுவருக்கு அப்பால் ஸ்ஸ் என்று சட்டி பேசியது.

துஷாந்தினிக்கும் பதில் சொல்லத் தெரியும். கருவாட்டுத் தலையை எடுத்துத் தணலில் வைத்தாள். வாசம் எழுந்து, சுவரைத் தாண்டிப் போனது.

டிலக்சனா சாப்பிடவில்லை. சோற்றில் விரலால் கோடு கிழித்துக்கொண்டு, சட்டிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் துஷாந்தினியால் பொறுக்க முடியவில்லை. அந்த முட்டையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டு பச்சைமிளகாய் கேட்கும் சாக்கில் வெளியே வந்து, செசிலியின் கதவைத் தள்ளினாள்.

செசிலி அடுப்பின் முன் குந்தியிருந்தாள். இடது கையில் டம்ளர், வலது கையில் கரண்டி. டக் டக் டக்.

டம்ளரில் ஒன்றுமில்லை.

அடுப்பில் இரும்புச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். செசிலி விரலை நனைத்துச் சட்டியில் உதறினாள். ஸ்ஸ்.

மூலையில் ஜேசன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு, பருப்பு, ஏதோ ஒரு கீரை. பாதிகூடக் குறையவில்லை. அவன் தலைக்கு மேலே ஆணியில் நிறை அட்டை தொங்கியது. அதில் கோடு படுத்துக்கூட இருக்கவில்லை. கீழே இறங்கியிருந்தது.

செசிலி திரும்பிப் பார்த்தாள். கரண்டி நின்றது.

"நான் என்னக்கா செய்ய? ஒங்க வீட்டுக் கருவாட்டு வாசம் வந்தா இவனுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நமக்கும் முட்டை வருதுடான்னு ஏமாத்தி நாலு வாய் ஊட்டுவேன். தெனமும் கருவாடு திங்க ஒங்க புள்ள குடுத்து வச்சிருக்கு."

கடைசி வார்த்தைகளில் இருந்த எரிச்சல் துஷாந்தினிக்கு நன்றாகத் தெரிந்தது. அது தன்னுடைய வயிற்றிலேயே பிறந்ததுபோல இருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கருவாடு இன்னையோட முடிஞ்சிருச்சு செசிலி. இனி வாங்கப் போறதில்ல."

பச்சைமிளகாய் கேட்காமலே திரும்பினாள்.

டிலக்சனாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தாயைக் கண்டதும் எழுந்துபோய், மூலையிலிருந்து பழைய பால்மா டின்னை எடுத்துவந்து, மூடியைத் திறந்து நீட்டினாள். தினமும் செய்கிற வேலைதான்.

துஷாந்தினி தணலிலிருந்து தலையை இடுக்கியால் எடுத்தாள். சாம்பலை ஊதினாள். சித்திரை வருசத்துக்கு வாங்கிய கருவாட்டில் மிஞ்சிய தலை. கண் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, கரிக்கட்டையாகிவிட்டது. டின்னுக்குள் போட்டு மூடியை இறுக்கினாள்.

"நாளைக்கும் இதச் சுடணுமாம்மா?"

"வேணாம். சாப்பிடு."

முட்டைச் சத்தம் வரவில்லை. டிலக்சனா கொஞ்ச நேரம் காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொரு வாய். சுவருக்கு அப்பாலும் விரல் தட்டை வழிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்கத் தொடங்கியது.

எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று துஷாந்தினி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.