வறட்டு இருமல்

"உங்க அப்பா வேணும்னேதான் இருமறார். நான் கூடத்துல உட்கார்ந்து எங்கம்மாகிட்ட போன்ல பேச ஆரம்பிச்சா போதும், ரூம்ல இருந்து இருமிக்கிட்டே வந்துடறார்."

"பிரஷர் மாத்திரை சாப்பிடறார் இல்ல? அதுல சில பேருக்கு வறட்டு இருமல் வருமாம்" என்றான் கணவன், செருப்பைத் தேடியபடி.

"அது எப்படி நான் பேசும்போது மட்டும் வரும்? மாத்திரைக்குக் காது இருக்கா? ஒண்ணு அந்த இருமல் போகணும். இல்லைன்னா தனி வீடு பாருங்க."

தனி வீடு என்றதும் அவனுக்கே பிரஷர் ஏறியது. "நீயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்" என்று நழுவிவிட்டான்.

மாமனார் லேசில் மசியவில்லை. "எதுக்கும்மா டாக்டர்? இருமல்தானே, இருந்துட்டுப் போகட்டும்."

மருமகள் விடுவாளா? கையோடு கிளப்பிவிட்டாள்.

டாக்டர் பிரஷர் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"இருமல்தான் தாங்க முடியலை டாக்டர். மாத்திரையை மாத்திக் குடுங்க."

"அதைத்தான் போன தடவையே மாத்திட்டேனே. இருமல் சுத்தமா நின்னுடுச்சுன்னு இவரே வந்து சொன்னார். புது மாத்திரைல, சட்டுனு எழுந்தா லேசா தலை சுத்தலாம். இருமல் வர வழியே இல்லையே."

மாமனார் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இனி வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டவள், தெருவுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள்.

"அப்போ இத்தனை நாளும் நடிப்பா மாமா? எங்கம்மாகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா." அவர் நெளிந்தார். "முன்னாடி நிஜமாவே இருமிக்கிட்டு வருவேன். நீ பேச்சை மாத்திடுவே. இருமல் நின்னதும் ஒரு நாள் சத்தமில்லாம கூடத்துக்கு வந்துட்டேன். நீ என்னைப் பத்தித்தான் சொல்லிட்டு இருந்தே."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"அப்படியே திரும்பிட்டேன். பொண்ணு அம்மாகிட்ட மனசு விட்டுப் பேசாம வேற யார்கிட்ட பேசுவா? நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே உனக்குச் சங்கடமா இருக்குமே. அதான், வர்றதுக்கு முன்னாடி ஒரு இருமல்."