துன்னா இன்னா ஆவும்?

"இத்த துன்னா உசுரு பூடுமா, வாத்தியாரே?"

நூம்பல் ஏரிக்கரையில் பூத்து நின்ற அரளிச் செடியைக் காட்டி குப்பம்மா இப்படிக் கேட்டதும், வாத்தியார் ஜம்புலிங்கத்துக்குப் பகீர் என்றது. "போயிடும்மா. கிட்டப் போகாதே," என்றார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை அது. ரங்கூன் அரிசி நின்றுபோயிருந்தது. கடைகள் பாதிநாள் திறப்பதில்லை. பூந்தமல்லிப் பக்கம் வந்து ஒண்டிய ஜனங்கள், சத்திரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் படுத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கரையான்சாவடி வாசகசாலைக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஞாயிறு காலையில் பெரியவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ச் செடி, கொடி, பறவை பற்றிச் சொல்லிக்கொடுப்பது. வந்தவர்கள் பிடித்த இலையைப் பறித்துவந்து தாளில் ஒட்டுவது. பாடம் நடத்தும் வேலை ஜம்புலிங்கத்தின் தலையில் விழுந்தது.

பட்டணத்து ஜனங்கள் மீன்கொத்தியை வாயைப் பிளந்து பார்த்தார்கள். புங்கம்பூவை அள்ளி மோந்தார்கள். ராயபுரத்திலிருந்து வந்த குப்பம்மாவுக்கு மட்டும் பறவையும் வேண்டாம், பூவும் வேண்டாம். எந்தச் செடியைக் கண்டாலும் அதே கேள்விதான்.

"இந்த ஊமத்தங்காய துன்னா?"

"பைத்தியம் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து."

"அப்ப, தரையில படந்துகினு கீதே, இது?"

"மூக்கிரட்டைம்மா அது. ஒண்ணும் பண்ணாது."

குப்பம்மா குந்தி உட்கார்ந்து மூக்கிரட்டையைக் கை கையாகப் பறித்து மடியில் திணித்தாள். தாளில் ஒட்டுவதற்கு இத்தனை எதற்கு என்று வாத்தியாருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவளோடு ஒரே கொட்டகையில் தங்கியிருந்த பொன்னியம்மா அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவ புருசன் ரங்கூன்ல கீறான், சாமி. அங்க குண்டு வுய்ந்ததுலேர்ந்து ஒரு காயிதம் இல்ல. மொதல்ல ஓயாம அய்துகினு இருந்தா. இப்ப அதையும் வுட்டுட்டா."

ஜம்புலிங்கம் குப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அழுது தீர்க்கிற பொம்பளை எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். அழுகையை விட்டுவிட்டு, எது உயிரை எடுக்கும் என்று விசாரிக்கிறவளை என்ன செய்வது?

மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தார். "ஏம்மா, இதையெல்லாம் உனக்காகவா கேக்கறே?"

"எனுக்கு மட்டும் இல்ல, வாத்தியாரே. பசங்களுக்கும் சேத்துதான்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

கடவுளே, குழந்தைகளையுமா? யாரிடம் போய்ச் சொல்வது? போலீசுக்குப் போனால் இவளைத்தான் மிரட்டுவான். இன்றைக்குத் தடுத்தாலும் நாளைக்கு யார் காவல் இருப்பது? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குப்பம்மா எட்டிமரத்தின் அடிக்குப் போய்விட்டாள்.

மரம் முழுக்க விஷக்காய் ஆரஞ்சு நிறத்தில் பழுத்துத் தொங்கியது. கீழேயும் உதிர்ந்து கிடந்தது. இந்த மரத்தைக் காட்டவே கூடாது என்றுதான் அவர் கரையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்; பாழாய்ப்போன கால்கள் அங்கேயே கொண்டுவந்து விட்டன.

குப்பம்மா ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "கிச்சிலிப்பயம் மாதிரி கீதே. இத்த துன்னா இன்னா ஆவும்?"

விஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் கெட்டது. மரம் இங்கேயேதான் நிற்கும். அவள் எப்போது வேண்டுமானாலும் வருவாள். பாடம் சொல்லும்போது பொய் கலக்காத அந்த மனுஷர், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் ஆகாது. சும்மா காட்டுப்பழம்."

"சின்னப் பசங்க துன்னாகூட?"

"வயித்துவலிகூட வராதும்மா."

"மெய்யாலுமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம்," என்றார். சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளைகளை நினைத்து உள்ளுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

குப்பம்மா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாந்துபோனாள் என்று அவர் எண்ணினார். பயந்த கண்டம் தாண்டிவிட்டது.

முன்னால் போனவர்கள் நீர்க்காகத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றவருக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வந்ததோ, அது முங்குவதையும் மீனைத் தூக்கிப் போட்டு விழுங்குவதையும் தானே நடித்துக் காட்டினார். ஜனங்கள் நெடுநாளைக்கப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

வெயில் ஏறியதும் எல்லோரையும் கிளப்பினார். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது.

"பொன்னியம்மா, குப்பம்மா எங்கே?"

"அவ அப்பவே பூட்டா, சாமி. ஊட்டுல அரிசின்றதே இல்ல. பசங்க பச்சத்தண்ணிய குடிச்சிகினு சுருண்டு கெடந்துச்சிங்க. எத்த அவிச்சிக் குடுக்கறது, எது வெசம்னு தெரியாமதான் ஒங்கள தொளைச்சிகினு இருந்தா. நீங்க சத்தியம் பண்ணி சொன்னீங்களாமே, அந்தப் பயத்தத்தான் மடி நெறய பொறுக்கிகினு ஓடினா."

பொன்னியம்மா சிரித்தாள்.

"இந்நேரம் வயிறு நெறய துன்னுகினு இருக்குங்க."