அடுத்த வளைவு

ஸ்டாக் கார் பந்தயத்தில், பாதை முழுவதும் தெரியும் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் நின்று, ஓட்டும் கணவனின் காதுக்கு ரேடியோவில் வழி சொல்வது பூவிழியின் வேலை. வீட்டில் இருவரும் முகம்கொடுத்துப் பேசி வாரக்கணக்காகிறது. சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். இன்று பேசாமல் முடியாது.

"இடப்பக்கம் வண்டி வருது... போயிடுச்சு. அடுத்தது வலது வளைவு, ரோட்டுல எண்ணெய்."

கீழே மருதவாணன் எண்ணெயை ஒதுக்கி வளைவைக் கடந்தான்.

பந்தயம் முடிந்தது. கடைசிக்கு முந்தின இடம். மற்ற கார்கள் கொட்டகைக்குத் திரும்பின. அவனுடையது மட்டும் கொட்டகை வாசலைத் தாண்டி, காலியான பந்தயப் பாதையில் மெல்ல உருண்டது. ரேடியோ கரகரத்தது.

"அடுத்த வளைவு எந்தப் பக்கம், பூவு?"

அந்த வளைவுகள் அவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"இடது," என்றாள். "மெதுவாவே வாங்க."