நசீம் பானுவின் சனிக்கிழமை

"நசீம் டீச்சருக்கு மட்டும் பாடம் நடத்த எங்கிருந்துங்க தெனமும் புதுசு புதுசா யோசனை வருது?"

தமிழ் ஆசிரியை பழனியம்மாள் இப்படிக் கேட்டதும், கமலாம்பாள் தயிர்ச்சோற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"சொந்தச் சரக்கா என்ன? எல்லாம் இரவலுங்க," என்று டிபன் பாக்ஸை மூடினாள்.

கமலாம்பாள் அந்தத் திருப்பூர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவள். அறிவியல் நடத்தும் நசீம் பானு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவளுடைய அண்ணன் கைருதீன் வேலை பார்க்கும் பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் போன வருடம்தான் இன்டர்நெட் வந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வேலை ஓய்ந்ததும் அவள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். எங்கெங்கோ இருக்கிற முந்நூறு ஆசிரியர்கள் சேர்ந்த குழுவாம். ஒருவர் ஈமெயிலில் சந்தேகம் கேட்டால் அத்தனை பேருக்கும் போகுமாம். பூனாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பதில் வருமாம். திங்கட்கிழமை காலையில், அந்தப் பதில்களைப் பிரிண்டரில் அடித்த, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை மடித்துக்கொண்டு வந்து நிற்பாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா, அவள் வகுப்பில் ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். எதிர் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் கமலாம்பாளுக்கு வயிறு எரியும். அவளொன்றும் மோசமான டீச்சர் இல்லை. அவளிடம் படித்த பிள்ளைகள் பின்னக் கணக்கில் தடுமாறியதே கிடையாது. ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவிநாசியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குக்கூட அவளைக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். மங்கலான எழுத்தில் முழுக்க இங்கிலீஷ். நசீம் பானு உடனே எழுந்து, படித்துக் காட்டட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள். எனக்கெதற்கு என்று கமலாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. அந்தக் குழு சென்னையில் மூன்று நாள் கூடுகிறது, மேடையில் பேச இந்தப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ரயில் கட்டணமும் அவர்களுடையதே என்று பியூன் கருப்புசாமி சொல்லிவிட்டுப் போனான். யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நசீம் பானு சென்னையில் எங்கே தங்குவாள் என்று பழனியம்மாள் அப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

கமலாம்பாள் அந்த மேடையில் தன்னை நிறுத்திப் பார்த்தாள். மைக், சால்வை, முன்வரிசையில் வீட்டுக்காரர். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. பொறாமை என்றால் பொறாமைதான், அதை அவள் தனக்குள் மறைக்கவும் இல்லை. எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் நசீம் பானுவே காகிதமும் கையுமாக அவளைத் தேடி வந்தாள். "டீச்சர், சென்னை விசயமா ஒரு அஞ்சு நிமிசம் பேசோணுமுங்க."

பீற்றிக்கொள்ள வந்துவிட்டாள் என்று நினைத்தாள் கமலாம்பாள். "எல்லாம் தெரியும் கண்ணு. எனக்கு வேலை இருக்குது," என்று நடையைக் கட்டினாள்.

நேரே போனது தலைமையாசிரியர் குமாரசாமியின் அறைக்கு. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பள்ளிக்கூட விஷயங்களை வெளியாட்களுக்கு எழுதுவது விதிப்படி தப்பு, அதை வைத்து வருகிற அழைப்பை ஏற்பது அதைவிடத் தப்பு, நாளைக்கு மேலிடத்தில் கேட்டால் உங்கள் தலைதான் உருளும் என்று அடுக்கினாள். விதி என்றாலே குமாரசாமிக்குக் கைகால் உதறும்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா டீச்சர்? அழைப்பு யாருக்குன்னு நசீம் டீச்சர் உங்ககிட்டச் சொன்னாங்கல்ல?"

"தெரியாமயா சொல்றனுங்க சார்? யாரா இருந்தா என்னங்க. விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க."

"அப்ப வரமாட்டாங்கன்னு எழுதிடட்டுமா?"

"இன்னிக்கே எழுதிடுங்க."

பதில் கைருதீனின் ஆபீஸ் வழியாக அன்று சாயங்காலமே போய்விட்டது. கமலாம்பாள் வீட்டில் காரணம் சொல்லாமல் பாயசம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நசீம் பானுவின் கண் சிவந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கமலாம்பாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம கமலாம்பாள் டீச்சரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லோணுமுங்க. அந்தக் குழுவுல பாடம் நடத்த ஒரு யோசனை கேட்டா, பதிலுக்கு நாம ஒண்ணு குடுக்கோணுமாம். தங்கிட்டக் குடுக்க ஒண்ணுமில்லைன்னு நசீம் டீச்சர், கமலாம்பாள் டீச்சர் கணக்கு நடத்தறத எதிர் கிளாஸ்ல இருந்து கேட்டுக் கேட்டு, அவங்க பேரப் போட்டே ஒரு வருசமா எழுதி அனுப்பியிருக்காங்க. சென்னையில பேசச் சொல்லி வந்த அழைப்பும் கமலாம்பாள் டீச்சருக்குத்தானுங்க. தனக்கு வந்ததையே விதிக்காக நிறுத்தச் சொல்ற மனசு யாருக்குங்க வரும்?"

அறை முழுக்கக் கைதட்டினார்கள். எல்லோரையும்விட ஓங்கித் தட்டியது நசீம் பானு.