வாரேனுங்க

"புள்ளைக்குத்தான் நல்லாப் போச்சுங்களே டாக்டர். இனி எதுக்குங்க ஊசி?"

தம்பிதுரை இதைக் கேட்டபோதே பையைத் தோளில் மாட்டியிருந்தான். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

டாக்டர் சுந்தரராஜுலு மறுபடி சொன்னார். ரத்தம் இப்போது சுத்தம்தான். ஆனால் இது ரத்தப் புற்றுநோய். உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும். இரண்டு வருஷம் மருந்து தொடர வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வரும், அப்போது எதற்கும் அடங்காது. வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி.

"பாக்கலாமுங்க."

அந்தப் 'பாக்கலாமுங்க' டாக்டருக்குப் பழக்கமானது.

போன மாதம்தான் புற்றுநோய் டாக்டர்கள் சென்னையில் கூடியிருந்தார்கள். நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு ஒரே சிகிச்சை முறையை வகுப்பதற்காக. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று பேச்சு சாயங்காலம் வரை நீண்டது. அவர் எழுந்து ஒன்றுதான் கேட்டார். எங்கள் வார்டில் நோய் கொண்டுபோன பிள்ளைகளைவிட, நன்றாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள்தான் அதிகம். அதற்கு என்ன முறை?

கூட்டம் அடுத்த மருந்துக்குப் போய்விட்டது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. இந்தச் சீமையில் விடைபெறுகிற எவரும் 'வாரேனுங்க' என்று சொல்லாமல் படி இறங்குவதில்லை, எழவு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர. அந்த இரண்டு இடத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் போய்விட வேண்டும். அதனாலேயே அவர் வார்டு வாசலில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டு வாங்குவார். வாய்விட்டுச் சொன்னவர்கள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாளிடம் திரும்பினார்.

"அம்மணி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரில ஆராச்சும் அப்பிடிச் சொல்லுவாங்களாங்க?" என்றான் தம்பிதுரை. "வா, பஸ் போயிரும்."

அவள் இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் திரும்பி, டாக்டரின் வழுக்கையை உற்றுப் பார்த்தது. தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டது.

"டாக்டரு, உங்களுக்கும் இந்த மருந்தைத்தான் ஏத்துனாங்களா?"

நர்ஸ் தாஜுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மூவரும் படி இறங்கிப் போயிருந்தார்கள்.

சொல்லவில்லை.

கட்டிலைத் தட்டிப் போடப் போன தாஜுன்னிசா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"டாக்டர், போசிய மறந்துட்டுப் போயிட்டாங்களுங்க! ஸ்டாப்புலதான் நிப்பாங்க, ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துரட்டுங்களா?"

காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வைத்த சில்வர் பாத்திரம். வந்த நாளிலிருந்து குழந்தைக்குக் கஞ்சி அதில்தான். கழுவுவதற்குக்கூட நாச்சியம்மாள் அதை ஆயாவிடம் கொடுத்ததில்லை.

டாக்டர் ஜன்னலருகே போனார்.

ஜன்னல் திண்டில் போசி பளிச்சென்று தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. பழைய பேப்பரை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் ஈரம் வடியக் கவிழ்த்திருந்தாள், சொந்த வீட்டு அடுப்படியில் கவிழ்ப்பதுபோல. அதில் வெட்டியிருந்த குழந்தையின் பேர் வாசலைப் பார்த்திருந்தது: மோகனப்பிரியா.

"வேண்டாம் சிஸ்டர், அவங்க மறந்துட்டுப் போகல. அங்கயே இருக்கட்டும்," என்றார். "வெள்ளிக்கிழமை இந்தக் கட்டில ஆருக்கும் குடுத்துராதீங்க."